கணக்கு மொழியும் வேற்றுமை உருபும்

எண்கள் எல்லா மொழியினர்க்கும் பொது. ஆயின், ஓர் எண்ணுக்கும் மற்றோர் எண்ணுக்கும் உள்ள உறவை எடுத்துரைக்கும் முறை மொழிதோறும் வேறுபடும். தமிழ் அவ்வுறவைப் பெயரின் பின்னே வரும் வேற்றுமை உருபினால் உணர்த்தும். ஆங்கிலம் பெயரின் முன்னே நிற்கும் சிறு சொற்களால் உணர்த்தும். அச்சொற்களை முன்னிடைச்சொற்கள் எனலாம். தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் கணக்குப் படிக்கும் மாணாக்கர் இவ்விரு முறைகளுக்கும் இடையே நின்று இடர்ப்படுகின்றனர். அவர்கள் செய்யும் பிழைகளுட் பல கணக்குப் பிழைகள் அல்ல; உருபுப் பிழைகளே. இதனை இலக்கண நெறி நின்று விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்குக் கொல்லிமலையை நிலைக்களனாகக் கொள்வோம். வல்வில் ஓரியின் மலையெனச் சங்கப் பாடல்கள் போற்றும் இம்மலை இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சார்ந்தது; 1997ஆம் ஆண்டில் அம்மாவட்டம் தோன்றுமுன் சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு என இங்குள்ள ஊர்த்தொகுதிகள் இன்றும் ‘நாடு’ என்னும் பழம்பெயராலேயே வழங்குகின்றன. மலைவாழ் மக்களுட் பெரும்பாலோர் பழங்குடியினராகிய மலையாளிகள். பெயர் நோக்கி அவர்தம் மொழியை மலையாளம் எனக் கருதுதல் தவறு; மலையை ஆள்வோர் என்னும் பொருளிலேயே அப்பெயர் அமைந்ததென்பர். காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் வந்தனர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுக்கதை. அவர்கள் பேசுவது தமிழே. சாமையும் கேழ்வரகும் அளப்பதும், பலாவும் அன்னாசியும் விலை பேசுவதும், மிளகை எடையிடுவதும் தமிழிலேயே நிகழ்கின்றன. 2012-13ஆம் கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கப்பெற்றன. தமிழ் வழியிற் பயின்றோரும் கல்லூரியை அடைந்தவுடன் ஆங்கிலக் கணக்கையே எதிர்கொள்கின்றனர். எனவே நாம் எடுத்துக்கொண்ட சிக்கல் இம்மலைச் சிறார்க்கு ஏட்டளவில் நிற்பதன்று.

1. உருபில்லாத கணக்கு

உருபின் பயனை உணர்தற்கு முன், உருபே இன்றித் தமிழ் கணக்கைச் சொல்லும் இடத்தைக் காண்டல் வேண்டும். அஃது எண்ணுப்பெயர்ப் புணர்ச்சி. தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் எண்ணுப்பெயர்கள் தம்முள்ளும், அளவுப்பெயர் நிறைப்பெயர்களோடும் புணருமாற்றை விரிவாக ஓதினார். அப்புணர்ச்சியினுள்ளே கூட்டலும் பெருக்கலும் பொதிந்துள்ளன.

‘பதினைந்து’ என்பது பத்தும் ஐந்தும், கூட்டல். ‘ஐம்பது’ என்பது ஐந்து பத்து, பெருக்கல். இரண்டிலும் உள்ள எண்கள் ஒன்றே. பெரிய எண் முன்னும் சிறிய எண் பின்னும் நின்றால் கூட்டலாகவும், சிறியது முன்னும் பெரியது பின்னும் நின்றால் பெருக்கலாகவும் பொருள்படுகின்றது. ‘நூற்றிரண்டு’, ‘இருநூறு’ என்பனவும் அவ்வாறே. உருபு இல்லாத இடத்தில் வரிசையே பேசுகின்றது.

கீழ்வாய் எண்களில் இந்நுட்பம் மேலும் தெளிவாகும். ‘ஒன்றேகால்’ என்பது ஒன்றும் காலும் ஆகும். எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்னும் நால்வகை அளவைகளிலும் உம்மைத்தொகை வரும் என நன்னூலார் கூறியதற்கு உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு இது. இடையே நிற்கும் ஏகாரம் கூட்டலைக் குறித்து நிற்கின்றது. ‘அரைக்கால்’ என்பதிலோ ஏகாரம் இல்லை. அது காலில் அரை, அஃதாவது எட்டில் ஒன்று. ‘முக்கால்’ என்பது மூன்று கால். எனவே ‘அரையேயரைக்கால்’ என்றால் அரையும், அதனோடு எட்டில் ஒன்றும் சேர்ந்து, எட்டில் ஐந்து ஆகின்றது. ஒரே சொல்லில் ஏகாரம் வந்த இடத்தில் கூட்டலும், வாராத இடத்தில் பெருக்கலும் அமைந்திருத்தல் காண்க. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடம் செய்த சிறுவன் இலக்கணம் அறியாமலே இவ்விலக்கணத்தைக் கையாண்டான்.

2. உருபுடைய கணக்கு

எண்ணுப்பெயரை விட்டுக் கணக்குரைக்கு வருங்கால் வரிசையின் ஆட்சி நீங்கி, உருபின் ஆட்சி தொடங்குகின்றது. ‘12ஐ 4ஆல் வகு’ என்றாலும், ‘4ஆல் 12ஐ வகு’ என்றாலும் விடை 3 ஒன்றே. எண்கள் இடம் மாறினும் உருபுகள் அவற்றை விட்டு நீங்காமையால் பொருள் மாறுவதில்லை.

நான்கு வினைகளுக்கும் உரிய உருபுகளை இலக்கணம் கூறும் பொருள்களோடு பொருத்திப் பார்க்கலாம். ‘ஐந்தோடு மூன்றைக் கூட்டு’ என்பதில் ஓடு உருபு உடனிகழ்ச்சிப் பொருளில் வந்தது. ‘ஐந்தை மூன்றால் பெருக்கு’, ‘பன்னிரண்டை நான்கால் வகு’ என்பவற்றில் ஆல் உருபு கருவிப் பொருளில் வந்தது. மூன்றும் நான்கும் செயலுக்குக் கருவிகள். ‘பன்னிரண்டிலிருந்து ஐந்தைக் கழி’ என்பது ஐந்தாம் வேற்றுமை, நீங்கற் பொருள். ‘நூற்றுக்கு இரண்டு வட்டி’ என்பதில் நான்காம் வேற்றுமை வீதத்தை உணர்த்துகின்றது. நான்கிலும் செயப்படுபொருளாகிய எண் வருமிடத்து இரண்டாம் வேற்றுமை ஐகாரம் ஏற்று நிற்கும். ஆகவே கணக்குக்கெனத் தனி இலக்கணம் வேண்டுவதில்லை. வேற்றுமை இலக்கணமே கணக்கின் இலக்கணமாக அமைகின்றது.

3. ‘இல்’ என்னும் உருபு

இவற்றுள் மயக்கத்திற்கு மிகவும் இடமாவது ‘இல்’. நன்னூலார் ஐந்தாம் வேற்றுமைக்கு இல், இன் இரண்டையும் உருபுகளாகக் கூறினார். ஏழாம் வேற்றுமை உருபுகளுள்ளும் இல் இடம்பெறும். ஓர் உருபு இரு வேற்றுமைக்கும் பொதுவாதலின், பொருளை முடிக்கும் வினைச்சொல்லை நோக்கியே வேற்றுமையைத் துணிதல் வேண்டும்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அச்சாலையையே கணக்காக்கிக் கொள்வோம். ‘70இல் 14’ என்னும் தொடரை மட்டும் எழுதி நிறுத்தினால் அதன் பொருள் யாது?

‘70இல் 14 போனால் மீதி எத்தனை?’ என்றால் விடை 56. 14 வளைவுகளைக் கடந்த பேருந்து இன்னும் கடக்க வேண்டியவை அவை. இஃது ஐந்தாம் வேற்றுமை நீங்கற்பொருள், கழித்தல்.

‘70இல் 14 எத்தனையில் ஒரு பங்கு?’ என்றால் விடை ஐந்தில் ஒரு பங்கு. இங்கே 14 என்பது எழுபதினின்று நீங்கவில்லை. எழுபதினுள்ளேயே இருந்து அதன் பகுதியாக நிற்கின்றது. இஃது ஏழாம் வேற்றுமை இடப்பொருள்.

‘70இல் 14 எத்தனை முறை அடங்கும்?’ என்றால் விடை 5. 14 வளைவுகளுக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தி இளைப்பாறுவோமாயின், ஐந்தாம் முறை நிற்கும்போது சாலையின் கடைசி வளைவைக் கடந்திருப்போம். இதுவும் ஏழாம் வேற்றுமையே. ஆயினும் கணக்கு வகுத்தல்.

56, ஐந்தில் ஒன்று, 5 என மூன்று விடைகள். எண்களும் உருபும் ஒன்றே. வேறுபாட்டைத் தந்தவை ‘போனால்’, ‘பங்கு’, ‘அடங்கும்’ என்னும் முடிக்கும் சொற்கள். இதனால், தமிழில் கணக்கு வினையைக் காட்டுவது உருபு மட்டுமன்று. உருபும் முடிக்கும் சொல்லும் சேர்ந்த இணையே என்பது பெறப்படும்.

ஆங்கிலத்திலோ இம்மூன்றும் முன்னிடைச்சொல்லாலேயே வேறுபடுகின்றன. நீங்கற்பொருளுக்குப் ‘பிரம்’, பகுதிப் பொருளுக்கு ‘ஆவ்’, அடங்கற்பொருளுக்கு ‘இன்டூ’ என மூன்று தனிச்சொற்கள் உள்ளன. ‘14 பிரம் 70’ என வினைச்சொல் இன்றிக் கூறினும் கழித்தல் என்பது விளங்கும். தமிழில் வினைச்சொல் தாங்கும் சுமையை ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் தாங்குகின்றது. மாணாக்கர்க்கு நேரும் இடர்ப்பாட்டின் வேர் இதுவே.

4. வரிசை மாற்றத்தால் நேரும் பிழை

‘சப்ட்ராக்ட் 5 பிரம் 12’ என்பது ஆங்கில வழக்கு. இதில் வினைச்சொல் முதலில் வருகின்றது. கழிக்கப்படும் சிறிய எண் அடுத்து வருகின்றது. பெரிய எண் இறுதியில் நிற்கின்றது. ‘12இலிருந்து 5ஐக் கழி’ என்னும் தமிழ்த் தொடரிலோ பெரிய எண் முதலிலும் வினைச்சொல் ஈற்றிலும் நிற்றல் இயல்பு. இரண்டும் ஆடியில் தோன்றும் உருவம் போல் எதிர்முறையாய் உள்ளன.

தமிழ் வரிசையை மனத்திற் கொண்ட மாணவன் ‘சப்ட்ராக்ட் 12 பிரம் 5’ என எழுதிவிடுகின்றான். அவன் கருதிய விடை 7. அவன் எழுதிய தொடரின் விடையோ சுழிக்குக் கீழ் 7. அவ்வாறே ஆங்கிலத்தைப் படிக்கும்போது முதலில் வந்த எண்ணிலிருந்து பின்வந்த எண்ணைக் கழித்துவிடுகின்றான். கழித்தல் அறியாமையால் நேர்ந்த பிழையன்று இது. ‘பிரம்’ என்பது எந்த எண்ணுக்கு உரியது என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை என்பதே உண்மை.

இதற்குத் தீர்வு எளிது. முன்னிடைச்சொல்லை அதனை அடுத்து நிற்கும் எண்ணோடு சேர்த்தே படித்தல் வேண்டும். பின்னர் அவ்விணையை உருபேற்ற எண்ணாக மாற்றல் வேண்டும். ‘பிரம் 12’ என்பது ‘12இலிருந்து’ ஆகும். ‘பை 4’ என்பது ‘4ஆல்’ ஆகும். உறவுச்சொல் எண்ணின் முன்னிருந்து பின்னே பெயர்ந்தது, வேறொன்றும் நிகழவில்லை. முன்னிடைச்சொல் இன்றி நிற்கும் எண்ணுக்கு ஐகாரத்தைப் பூட்டுக. இவ்வளவும் செய்தபின் தமிழ்த் தொடரை எந்த வரிசையில் அமைப்பினும் பொருள் கெடாது. பெயர்க்க வேண்டியது சொல் வரிசையை அன்று, உறவை.

5. ஒரு முன்னிடைச்சொல், பல உருபுகள்

மேலே ஒரு தமிழ் உருபு ஆங்கிலத்தில் மூன்றாகப் பிரியக் கண்டோம். அதன் மறுதலையும் உண்டு. ஆங்கில ‘டூ’ என்பதற்குத் தமிழில் ‘கு’ என்னும் ஒரே பொருளைக் கற்பித்துவிடுதல் வழக்கமாக உள்ளது. கணக்கில் அது போதாது.

‘ஆட் 3 டூ 5’ என்பது தமிழில் ‘5ஓடு 3ஐக் கூட்டு’ என வரும். இங்கு ‘டூ’ என்பதற்கு நிகர் ஓடு உருபு. இதனாலேயே தமிழ் மாணாக்கர் ஓடு உருபின் நேர்ச்சொல்லைத் தேடி ‘வித்’ என்பதைப் பயன்படுத்தி எழுதுகின்றனர். விடையைப் பொறுத்தவரை இதனால் தீங்கில்லை. கூட்டலில் எண்கள் இடம் மாறினும் பயன் ஒன்றே. ஆங்கில மரபு மட்டும் பிழைபடுகின்றது. விகிதம் கூறுமிடத்து, ‘3 டூ 4’ என்பது ‘மூன்றுக்கு நான்கு’ என வரும். இங்கே நிகர் நான்காம் வேற்றுமை.

பொருளே மாறிப்போகும் இடம் மூன்றாவது. சோளக்காட்டுச் சந்தையில் ஓர் அன்னாசிப்பழத்திற்கு 40 ரூபாய் விலை சொல்லப்பட்டது எனக் கொள்வோம். ‘விலையை 10 ரூபாய் குறைத்தார்’ என்றால் பழம் 30 ரூபாய். ‘விலையை 10 ரூபாயாகக் குறைத்தார்’ என்றால் பழம் 10 ரூபாய். முன்னதற்கு ஆங்கிலம் ‘பை 10’ என்னும். பின்னதற்கு ‘டூ 10’ என்னும். தமிழில் ‘ஆக’ என்னும் சொல் வருதலும் வாராமையுமே 20 ரூபாய் வேறுபாட்டை விளைவிக்கின்றன. ‘டூ’ என்பதைக் ‘கு’ எனப் பழகியவர் ‘10 ரூபாய்க்குக் குறை’ என்று மொழிபெயர்ப்பர். அத்தொடர் பத்து ரூபாய் அளவுக்குக் குறைத்தலையும், பத்து ரூபாய் விலைக்கு இறக்குதலையும் ஒருங்கே குறித்து மயங்கும். சந்தையில் கைவிரலும் முகக்குறிப்பும் அம்மயக்கத்தைத் தீர்க்கும்; வினாத்தாளில் அவை இல்லை.

இவற்றைத் தொகுத்து நோக்கின், ‘டூ’ என்பது கூட்டலில் ஓடு உருபாகவும், விகிதத்தில் குவ்வுருபாகவும், ஏற்ற இறக்கத்தில் ‘ஆக’ என்பதாகவும் பெயர்தல் வேண்டும் என்பது தெளிவாகும்.

6. ஆல், ஆக: வகுத்தலின் இரு நிலை

வகுத்தலில் இவ்வேறுபாடு மேலும் கூர்மையுறும். ‘24ஐ 6ஆல் வகு’, ‘24ஐ 6 பங்காகப் பகு’, ‘24ஐ 6 பேருக்குப் பகிர்’ ஆகிய மூன்றிற்கும் விடை 4. விடை ஒன்றாதலின் உருபுகளின் வேறுபாடு மறைந்து நிற்கின்றது. முழு எண்ணை விட்டுப் பின்னத்திற்கு வந்தவுடன் அது வெளிப்படும்.

ஒரு வீட்டில் 10 வள்ளம் சாமை உள்ளது. அதனை ‘அரை வள்ளத்தால்’ அளந்து வகுத்தால் 20 முறை அளக்கலாம். 10ஐ அரையால் வகுக்கக் கிடைப்பது 20. அதனையே ‘பாதியாக’ப் பகுத்தால் ஒரு பங்குக்கு 5 வள்ளம். முன்னதில் அரை என்பது அளக்கும் கருவி. ஆகவே கருவிப்பொருள் ஆல் உருபு வந்தது. பின்னதில் பாதி என்பது பகுத்தபின் விளையும் நிலை. ஆகவே ‘ஆக’ வந்தது. ஆங்கிலத்தில் முன்னது ‘பை ஹாப்’ எனவும், பின்னது ‘இன் ஹாப்’ எனவும் வழங்கும். ‘பை ஹாப்’ என்பதைப் பாதியாக்குதல் எனக் கொண்டு 5 என விடை எழுதுவோர் கல்லூரியிலும் உளர். சாமையைப் படியால் அளக்கும் மலைவாணரிடம் அரை வள்ளத்தால் அளக்கும் செயலைச் சொல்லிக் கேட்பின் 20 என்றே கூறுவர். அறிவு உள்ளது; அதனை ஆங்கிலச் சொல்லோடு இணைக்கும் பாலம் இல்லை.

7. ‘இன்டூ’ என்னும் சொல்லின் நிலை

இறுதியாக, ஆசிரியர்களும் பெரிதும் கருத்திற் கொள்ள வேண்டிய ஒரு சொல் உள்ளது. நம் நாட்டு வகுப்பறைகளில் ‘3 இன்டூ 4’ என்பதற்கு மூன்றைப் பெருக்க நான்கு எனப் பொருள் கொள்கின்றனர், விடை 12. இவ்வழக்கு இந்தியா முழுதும் வேரூன்றியது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ‘3 இன்டூ 12’ என்றால், பன்னிரண்டினுள் மூன்று எத்தனை முறை அடங்கும் என்பதே பொருள், விடை 4. ஒரே சொல் ஒரு நாட்டில் பெருக்கலும் மற்றொரு நாட்டில் வகுத்தலும் ஆகின்றது. இதற்கிடையே ‘12 இன்டூ 4 பார்ட்ஸ்’ எனப் பங்கைக் குறிக்கும் சொல் உடன் வருமாயின், ‘4 பங்காக’ என்பது அதன் பொருள்.

இந்திய வழக்கைப் பிழையெனத் தள்ளுதல் பயனில்லை. பன்னெடுங்காலமாகக் கோடிக்கணக்கானோர் வழங்கும் சொல் அது. ஆயினும் வெளிநாட்டு நூல்களைப் படிக்கும் மாணவர்க்கு இவ்வேறுபாட்டை உரைத்தல் ஆசிரியர் கடன். எழுத்தில் பெருக்கலுக்கு ‘டைம்ஸ்’ என்றோ ‘மல்டிப்ளைட் பை’ என்றோ எழுதப் பழக்குதல் மயக்கத்தைத் தவிர்க்கும். முன்னது தமிழ் ‘மடங்கு’ என்பதற்கும், பின்னது ஆல் உருபுக்கும் நேர் நிற்பன. தமிழ் அறிந்த மாணவர்க்கு இவ்விரண்டும் எளிதின் விளங்கும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. எண்ணுப்பெயர்களில் வரிசையும் சாரியையும் கணக்கைக் காட்டும். கணக்குரையில் உருபும் முடிக்கும் சொல்லும் இணைந்து காட்டும். ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல்லே பெரும்பாலும் அப்பணியைச் செய்யும். எனவே ஆங்கிலக் கணக்கு கற்பிக்கும் ஆசிரியர் முன்னிடைச்சொல்லைத் தனியே மனப்பாடம் செய்விப்பதை விடுத்து, அஃது எந்த எண்ணைச் சார்ந்தது, தமிழில் எவ்வுருபாக மாறும், எவ்வினையால் முடியும் என்னும் மூன்றையும் வினவிக் கற்பித்தல் வேண்டும். வேற்றுமையைத் தமிழாசிரியரும் வகுத்தலைக் கணக்காசிரியரும் தனித்தனியே கற்பிக்கும் நிலையில், இருவரும் ஒருமுறை கூடி இப்பகுதியை நடத்தின் நன்மை மிகும்.

தாய்மொழியில் கணக்கு பேசத் தெரிந்த ஒரு சிறுவனைக் கணக்கு வாராதவன் எனப் பள்ளி முடிவு செய்துவிடுமாயின், அவனும் அதனை நம்பிவிடுவான். பின்னர் அக்கருத்தை மாற்றுதல் அரிது. அத்தீர்ப்பை வழங்குமுன் அவன் விடையைத் தமிழில் ஒருமுறை சொல்லச் செய்து கேட்டல் வேண்டும். ‘12இலிருந்து 5 போனால் 7’ என அவன் தயங்காது கூறுவானாயின், அவனுக்குக் கற்பிக்க வேண்டியது கழித்தல் அன்று. ‘பிரம்’ என்னும் ஒரு சொல்லே.